விற்பனை என்று பதிவான வரி

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி, இருமல், தூக்கம் மூன்றையும் பற்றித் தனித்தனியாக எழுதவும். "சுகம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் தபால்தலை வீண்.

முதலில் காது விஷயம். ஆபரேஷன் ஜூன் 10 என்று உறுதியாகிவிட்டது. பாதிப் பணத்தை உங்கள் பேங்க் கணக்கில் போட்டிருக்கிறேன். மார்ச் முடிவதற்குள் மருத்துவமனையில் கட்டிவிடுங்கள். மீதிப் பாதி என் பொறுப்பு. டாக்டர் சொன்னதை மறக்க வேண்டாம். நரம்பு இந்த வருஷம் வரைக்கும்தான் விழித்திருக்கும், அதற்குப் பிறகு காதுக் கருவியை உள்ளே வைத்தாலும் பயனில்லை. நான் பேசி நீங்கள் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது.

இரண்டாவது, எனக்கு வேலை மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி செய்யும் ஒரு கருவிக்கு நான் விளக்கப் புத்தகம் எழுத வேண்டும். அதைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லை. ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதுவே படித்து, அதுவே கருவியை எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள். எங்கள் டீம் லீடர் சொல்கிறார்: "தொழில் தெரியாத ஒருத்தருக்குப் புரிஞ்சா ஏஜென்ட்டுக்கும் புரியும். வீட்டுல யாராவது இருந்தா படிக்கக் குடுங்க." எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். முதலில் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். புரியாத இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு பக்கம் இத்துடன்.

வேளைக்குச் சாப்பிடச் சொல்லும் உங்கள் மகள்,
மேஸ்திரி


ஜனவரி 25

அன்பு மேஸ்திரிக்கு,

முட்டி மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இருமல் உண்டாம், மேல்மாடித் தையல்காரர் சொல்கிறார். எனக்குக் கேட்பதில்லை. தூக்கத்துக்குக் குறையில்லை, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத்தான் தெரியுமே. கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போன தபால்காரர் இப்போது ஜன்னல் வழியாகக் கடிதத்தை என்மேல் எறிகிறார். குறி தவறுவதே இல்லை.

தொழில் தெரியாத ஆள் வேண்டும் என்று தேடி, நேராக என்னிடம் வந்திருக்கிறாய். பத்தாவதில் இரண்டு தரம் உட்கார்ந்தவன். என்னைவிடத் தெரியாதவன் கிடைப்பது கஷ்டம்.

உன் பக்கங்களைச் சிவப்புப் பென்சிலோடு நான்கு தரம் படித்தேன். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. கிரிப்டோ என்று ஒரு நாணயம் இருக்கிறது, கண்ணால் பார்க்க முடியாது. அதன் விலை ஏறும் என்றோ இறங்கும் என்றோ ஒருவன் முன்பணம் கட்டுகிறான். கட்டியதைப் போல் இருபது மடங்குக்கு விளையாடலாம். விலை எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலே முன்பணம் கரையும். ஓர் அளவைத் தொட்டதும், இந்த வியாபாரத்தை நடத்தும் சந்தையான எக்ஸ்சேஞ்ச் அவனைக் கேட்காமலே கணக்கை முடித்துவிடும். அதற்குப் பெயர் லிக்விடேஷன். அப்படி முடிக்கப்பட்டவர்களின் பட்டியலை அள்ளித் தருவதுதான் உங்கள் கருவி.

முப்பத்தொரு வருஷம் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவன் ஒன்று கேட்கிறேன். பிரஷர் ஏறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறக்கும், பாய்லர் பிழைக்கும். இங்கே வால்வு திறந்தால் பிழைப்பது யார்?

போனில் எழுதலாமே என்று கேட்காதே. என் கட்டைவிரல் ஒரே சமயத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது.

இப்படிக்கு, எல்லாம் சொன்னால்தான் தெரியும்
உன் டமாரம்


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை டீம் லீடருக்குப் படித்துக் காட்டினேன். "இவரையே வேலைக்கு எடுத்திருக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை, அதனால் நிஜமாகத்தான் சொல்லியிருப்பார்.

வால்வு கேள்விக்குப் பதில்: பிழைப்பது எக்ஸ்சேஞ்ச். வேறு யாரும் இல்லை.

இனி சனி, ஞாயிறும் வேலைக்குப் போகிறேன். அதற்குத் தனிச் சம்பளம். மீதிப் பாதி ஜூனுக்குள் சேர்ந்துவிடும். அறையில் பெரிதாக வேலை இல்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். அலுவலகத்தில் திரையில் நாள் முழுக்க வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வரி என்றால் ஓர் ஆள். முதல் வாரம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். இப்போது கை மட்டும் நகர்கிறது.

புதிய பக்கங்கள் இத்துடன். நான்காம் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். "ஒரே பக்கம் பணம் கட்டிய நிறையப் பேர் சேர்ந்து வெளியேற்றப்பட்ட பிறகு, விலை சில நேரங்களில் எதிர்ப்பக்கம் திரும்பும்" என்று எழுதியிருக்கிறேன். ஏஜென்ட்டுக்கு இந்த வரிதான் முக்கியமாம். புரிகிறதா?

மருந்தை நிறுத்தாதீர்கள்.
மேஸ்திரி


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரி கூட எழுதவில்லை. கட்டிலையும் நாற்காலியையும் விசாரித்ததாகச் சொல்.

நான்காம் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இத்தனை தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. என் வாத்தியாரெல்லாம் உன்னிடம் வந்து படிக்கலாம். ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். "சில நேரங்களில்" என்றால் பத்துக்கு எத்தனை? பாய்லர் மேனுவலில் இப்படி மொட்டையாக எழுதினால் ஃபோர்மேன் கிழித்துப் போட்டிருப்பார்.

இன்னொன்று. சனி, ஞாயிறு வேலையை விட்டுவிடு. மனுஷி தூங்க வேண்டாமா? மீதிப் பாதிக்கு வழி தானாகப் பிறக்கும். அப்பன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்குக் காதுதான் இல்லை.

உன் அப்பா


மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்கு ஒன்றும் இல்லை, கண் மட்டும் எரிகிறது.

எங்கள் சோதனையில் பத்துக்கு ஏழு. அதையே எழுதிச் சேர்த்துவிட்டேன். நல்ல கோடு போட்டீர்கள்.

வழி தானாகப் பிறக்கும் என்றெல்லாம் எழுத வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மருத்துவமனையில் பணம் கட்டியாயிற்றா? ரசீது எண்ணை எழுதுங்கள்.

மேஸ்திரி


ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

பதில் எழுதத் தாமதம். சளி பிடித்திருந்தது. இப்போது பரவாயில்லை.

மருத்துவமனையில் அந்த டாக்டர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறாராம். எல்லாத் தேதியையும் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவசரம் இல்லை. ஆறு வருஷம் கேட்காமல் இருந்தவனுக்கு ஆறு மாதம் ஒரு பொருட்டா? ஊரில் பாதிப் பேர் பேசுவதைக் கேட்காமல் இருப்பதே லாபம் என்று தையல்காரர் சொல்கிறார்.

இங்கே வெயில். ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி முழுக்கப் போயிற்றா? ஆவி பிடியுங்கள். டாக்டர் எப்போது திரும்புகிறார் என்று கேட்டு எழுதுங்கள். டிசம்பரைத் தாண்டக் கூடாது.

புத்தகம் முடிந்துவிட்டது. மே 15 வெளியீடு. கடைசிப் பக்கத்தில் ஒரு மாதிரி வரி வேண்டுமென்றார்கள். கருவி எப்படித் தகவல் தரும் என்று ஏஜென்ட்டுக்குக் காட்ட. பெரிய தொகையாக இருந்தால் யாராவது அடையாளம் கண்டுவிடலாம் என்று, சின்னதாக, ஒருவருக்கும் தெரிந்திருக்காத ஒன்றாகத் தேடி எடுத்தேன். ஆள் யார் என்று எங்களுக்கும் தெரியாது, கருவி பெயர் தராது. கையால் தட்டினேன்:

மார்ச் 19. காலை 10:42:07. விற்பனை. அளவு 8.13. விலை 2,417.6.

கீழே குறிப்பு: இவர் விலை ஏறும் என்று எடுத்தவர், விலை இறங்கியதால் முடிக்கப்பட்டார்.

எப்போதும் போல் கோடு போட்டு அனுப்புங்கள். இதுதான் கடைசி.

மேஸ்திரி


மே 8

அன்பு மகளுக்கு,

நலம்.

பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோடு இரண்டு.

ஒன்று. விலை தப்பு. 2,471.6 என்று இருக்க வேண்டும். எண் இடம் மாறிவிட்டது. அரைமணிக்கு ஒருதரம் மீட்டர் பார்த்துப் புத்தகத்தில் எழுதியவன் நான். தப்பான ரீடிங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டு. "விற்பனை" என்று போட்டிருக்கிறது. படிக்கிறவன், அந்த ஆளே விற்றுவிட்டான் என்று நினைப்பான். அவன் விற்கவில்லை. விற்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. விற்றது எக்ஸ்சேஞ்ச். இதைத் தெளிவாக எழுது.

மற்றபடி நன்றாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எழுதாவிட்டால் கவலைப்படாதே.

அப்பா


மே 21

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் மூல வரியைத் திறந்து பார்த்தேன். 2,471.6 தான். நான்தான் மாற்றித் தட்டியிருக்கிறேன். திருத்திவிட்டேன். சரியான எண் நான் உங்களுக்கு அனுப்பிய எந்தக் காகிதத்திலும் இல்லை, அப்பா. அது தெரிந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று எங்கள் கருவி. மற்றது, அந்த வரியில் முடிக்கப்பட்ட ஆள்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எந்த டாக்டரும் விடுப்பில் இல்லை. மார்ச் 20 அன்று நீங்களே நேரில் போய்த் தேதியை ரத்து செய்திருக்கிறீர்கள். கவுண்டரில் இருந்த பெண் நினைவு வைத்திருந்தாள். "தாத்தா ரொம்ப ஜாலியா பேசினாருங்க. காது கேக்காததே வசதியா இருக்கு, எதுக்கு மாத்தணும்னு சொன்னார்."

புத்தகம் 15ஆம் தேதி வெளியாகிவிட்டது. மாதிரி வரியை மாற்றக் கேட்டேன். அதை வைத்துத்தான் எல்லாச் சோதனையும் எழுதியிருக்கிறார்கள், இனி முடியாதாம். ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் ஏஜென்ட்டுகள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கின்றன.

கோபம் இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒன்றை மட்டும் எழுதுங்கள். யார் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது?

மகள்


ஜூன் 24

அன்பு மகளுக்கு,

இதை ஏழாவது தடவையாக எழுதுகிறேன். முதல் ஆறில் நான் கெட்டிக்காரனாகத் தெரிந்தேன், கிழித்துவிட்டேன்.

மேல்மாடித் தையல்காரர்தான் சொல்லித் தந்தார். அவர் பேரில் குற்றம் இல்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். நீ அனுப்பிய பாதியை அதில் போட்டு மீதிப் பாதியைச் சம்பாதித்துவிட்டால் நீ சனி, ஞாயிறு தூங்கலாம் என்று நினைத்தேன். முதல் மூன்று நாள் ஏறியது. அதுதான் வினை. பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி கடைத்தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். உனக்கு ஒரு நல்ல மெத்தை கூடப் பார்த்து வைத்தேன்.

மார்ச் 19 காலை குளிக்கப் போனேன். போன் ஜன்னலில் இருந்தது. எச்சரிக்கை மணி எட்டுத் தரம் அடித்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன், தலையில் சோப்பு. சாவகாசமாகத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் எல்லாம் முடிந்து கால்மணி ஆகியிருந்தது. முதலில் போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அணைத்துப் போட்டேன். அப்படியே காட்டியது. துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் மனப்பாடம். பசித்தது. ரொட்டி சாப்பிட்டேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், ரொட்டிதான் தீர்ந்தது.

இனி ஆபரேஷன் பேச்சு வேண்டாம். உன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு நான் என்னத்தைக் கேட்கப்போகிறேன்?

திட்டி எழுது. பெரிய எழுத்தில் எழுது.

உன் டமாரம்


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கண் எரிச்சல் போய்விட்டது.

தையல்காரரோடு போனில் பேசினேன். பழைய பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். கிரிப்டோ என்றேன், "அது என்ன துணிம்மா?" என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: "உங்கப்பா மார்ச் மாச ஆரம்பத்துல சிவப்புப் பென்சிலோட மாடியில உக்காந்து எதையோ படிச்சுக்கிட்டே இருந்தார்மா. என்ன, பரீட்சையான்னு எழுதிக் காட்டினேன். ஆமாங்க, இந்தத் தடவை பாஸாயிடுவேன்னு சொன்னார்."

ஆக, நான்காம் பக்கம். நான் எழுதியது. நான் போட்ட ஏழு.

நான்காம் பக்கத்து அந்த வரியை மறுநாளே நீக்கினேன். டீம் லீடர் கூப்பிட்டு, "ஏஜென்ட்டுக்கு அது வேணும்மா" என்றார். மறுபடி வைத்துவிட்டார். "ஏழு தடவை திரும்பும், மூன்று தடவை திரும்பாது" என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். ஏஜென்ட் படிக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் செலவு ஆகிறது என்று பாதியை வெட்டினார்கள். மூன்று போய்விட்டது, ஏழு நிற்கிறது. விற்பனை பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் தொடவில்லை. இப்போது அங்கே இப்படி இருக்கிறது: "விற்பனை என்பது எக்ஸ்சேஞ்ச் செய்தது. அந்த நபர் விற்கவில்லை."

ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. அவற்றை எங்கே போடுவது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். நவம்பர் 3க்கு மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். ஆகஸ்ட் 4 காலை பரிசோதனைக்குப் போங்கள். நரம்பு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்மதப் படிவத்தை அங்கேயே தருவார்கள். கையெழுத்துப் போடுவதும் போடாமல் வருவதும் உங்கள் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போங்கள்.
மேஸ்திரி


ஆகஸ்ட் 6

அன்பு மேஸ்திரிக்கு,

முட்டி பரவாயில்லை. இருமல் பற்றித் தையல்காரரிடம் கேட்டேன், குறைந்திருக்கிறதாம். தூக்கம் சுமார்.

நாலாம் தேதி போனேன். சட்டை இஸ்திரி போட்டதுதான். பஞ்சு ஒட்டிய சுவரோடு ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு நாற்காலி. காதில் பெரிதாக இரண்டு மூடியை மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் நர்ஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினாள்.

நானும் உன்னிப்பாக உட்கார்ந்து அமுக்கினேன். ஒன்பது தடவை. நல்ல மார்க் வாங்கிவிட்டோம் என்று எழுந்திருக்கப் போனேன். அவள் உள்ளே வந்து சீட்டில் எழுதினாள்: "நான் வெச்சது நாலு சத்தம்தான் தாத்தா. நிஜமா கேட்டா மட்டும் அமுக்குங்க."

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை நிச்சயம் தெரியாமல் அமுக்குவதில்லை என்று இருந்தேன். ரொம்ப நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் அசைவதைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அமுக்கவே இல்லை.

பிறகு வேறு அறையில் தலையெல்லாம் ஒயர் ஒட்டி நரம்பைப் பார்த்தார்கள். அதற்கு என் தயவு தேவையில்லையாம். இடது காதில் எல்லாம் முடிந்துவிட்டதாம். வலதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். எவ்வளவு என்று கேட்டேன். "சொல்ல முடியாது, வெச்சாதான் தெரியும்" என்று டாக்டர் எழுதினார். பத்துக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

நர்ஸ் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். வெளியே வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

போட்டுவிட்டேன்.

அப்பா